சவுக்கின் பாலைவனச் சகோதரி: வேர் இறங்கிய பிறகே கிளை விரிக்கும் மரம்!

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். அங்கிருந்து உலகப் புகழ்பெற்ற உலுரு பாறைக்குப் போக சாலை வழியாகச் சுமார் 450 கிலோமீட்டர். வழியெங்கும் செம்மண் நிற மணல்மேடுகள், முள்முள்ளாகப் புல் குத்துகள், தலைக்கு மேல் சுட்டெரிக்கும் வெயில். கோடையில் 45 டிகிரியைத் தொடும் இந்த ஊர்களில், குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைபனி விழும். ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 300 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மழையும் ஆண்டுதோறும் ஒழுங்காக வருவதில்லை. சில ஆண்டுகள் கொட்டும், சில ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்காது.

இந்த மணலில்தான் இரண்டு விதமான மரங்கள் கலந்து நிற்கின்றன. ஒன்று, அகன்ற தலையோடு கிளைகளைத் தொங்கவிட்டு நிழல் தரும் பெரிய மரம். இன்னொன்று, ஒட்டடைக் குச்சியை நட்டுவைத்ததுபோல ஒல்லியாக, நேராக, உச்சி முதல் அடிவரை பூந்துடைப்பம்போலச் சிலிர்த்து நிற்கும் மரம். புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டும் வேறு வேறு இனம் என்றே நினைப்பார்கள்.

இரண்டும் ஒரே மரம்தான். ஒன்று தாய், மற்றது பிள்ளை. ‘பாலைவன ஓக்’ என்று அதற்குப் பெயர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் ‘குர்காரா’ என்கிறார்கள்.

ஓக் அல்லாத ஓக்

பெயரில் ஓக் இருந்தாலும், ஐரோப்பாவில் வளரும் ஓக் மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. உண்மையான ஓக் இனம் ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளர்வதே கிடையாது. கப்பலில் வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் இந்த மரக் குடும்பத்தை வெட்டிப் பார்த்தபோது, உள்ளே தெரிந்த வரிகள் அவர்கள் ஊர் ஓக் மரத்தின் வரிகளைப்போல இருந்தன. அந்த ஞாபகத்தில் ஓக் என்று கூப்பிட்டார்கள்; அதுவே ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இது நமக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். கடலூர், விழுப்புரம் பக்கம் கடற்கரையோரமாகப் பயணம் செய்தவர்கள் அடர்ந்து நிற்கும் சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பார்கள். பந்தக்கால், கட்டடச் சாரம், காகித ஆலை, அடுப்பு விறகு என்று நாம் பயன்படுத்தும் அந்தச் சவுக்கின் நெருங்கிய சொந்தம்தான் பாலைவன ஓக். இரண்டும் ஒரே குடும்பம். முன்பு இரண்டையும் ‘கேசுவரினா’ என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 1982-ம் ஆண்டு ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் லாரி ஜான்சன், பாலைவன ஓக்கையும் அதன் பங்காளிகள் பலரையும் பிரித்து ‘அல்லோகேசுவரினா’ என்று தனிப் பேரினம் வைத்தார்.

சவுக்கிலையைக் கையில் எடுத்துக் கணுக்கணுவாக இழுத்துப் பிரித்து விளையாடாத குழந்தைகள் கடலோர ஊர்களில் குறைவு. நாம் இலை என்று சொல்லும் அந்தப் பச்சை ஊசி, உண்மையில் இலை அல்ல. அது மெல்லிய கிளை. இலைகள், ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நிற்கும் பொடிப் பற்களாகச் சுருங்கிவிட்டன. நம் சவுக்கில் ஒரு கணுவுக்கு பெரும்பாலும் 7 அல்லது 8 பற்கள் இருக்கும். பாலைவன ஓக்கில் 4 மட்டுமே. இலை சிறுத்தால் வெயிலில் ஆவியாகிப்போகும் நீரும் குறையும். போதாததற்கு, மூச்சு விடும் நுண்துளைகளை ஊசியின் நீளவாக்குப் பள்ளங்களுக்குள் ஒளித்துவைத்திருக்கிறது இந்தக் குடும்பம். வறண்ட காற்று அங்கே நேராக நுழைய முடியாது.

காயில் மட்டும் சகோதரி பெரியவள். சவுக்குக் காய் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். பாலைவன ஓக்கின் பெரிய காய் 9 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டும். அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரிய காய் இதுதான். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதால், காய் பெண் மரத்தில் மட்டுமே இருக்கும்.

குச்சியாக நிற்கும் காலம்

நம் ஊர்ச் சவுக்கு அவசரக்காரி. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். பாலைவன ஓக் அப்படியல்ல. பல ஆண்டுகளுக்கு அது குச்சியாகவே நிற்கும். ஆள் உயரம் தாண்டும், இரண்டு ஆள் உயரம்கூடப் போகும். ஆனால், பக்கவாட்டில் பெரிதாகக் கிளை விடாது, நிழல் தராது. வளர்ச்சி நின்றுபோன மரம் என்று தோன்றும்.

அது சும்மா நிற்கவில்லை. வேலை கீழே நடந்துகொண்டிருக்கிறது. இளம் மரம் தன் உழைப்பையெல்லாம் ஆணிவேரில் போடுகிறது. மணலைத் துளைத்துக்கொண்டு நிலத்தடி ஈரத்தைத் தேடிப்போகிறது வேர். அந்த ஆழம் 10 மீட்டருக்கும் மேல் போகலாம். அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்! அதுவரைக்கும் மேலே கிளை பரப்பினால், அத்தனை ஊசிகளுக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும், கொடுக்க வழியில்லை. அதனால்தான் செலவைச் சுருக்கிக்கொண்டு குச்சியாகவே நிற்கிறது.

வேர் நிரந்தர ஈரத்தைத் தொட்ட பிறகு மரத்தின் கோலமே மாறுகிறது. பக்கக் கிளைகள் புறப்படும். கூம்பு வடிவம் உடைந்து அகன்ற தலை உருவாகும். அடிமரம் பருத்து, தக்கைபோலத் தடித்த பட்டை வெடித்து வரிவரியாக மாறும். 10 முதல் 15 மீட்டர் உயரம் வரை வளர்ந்து, பல நூறு ஆண்டுகள் நிற்கும். அதன் ஊசிகளுக்குள் காற்று நுழைந்தால் எழும் ஓசை, நம் சவுக்குத் தோப்பில் கேட்கும் அதே ‘உஸ்’ஸென்ற பெருமூச்சுதான்.

மணல் எதிரியல்ல

‘மணலில் தண்ணீர் நிற்காது, அங்கே எப்படி மரம் வரும்?’ என்ற கேள்வி எழலாம். மழை குறைந்த நாட்டில் கணக்கு தலைகீழ். களிமண்ணில் விழும் மழை மேலேயே தங்கிவிடும். அடுத்த வெயிலில் பெரும்பகுதி ஆவியாகிப்போகும். மணலில் விழும் மழை சரசரவென்று கீழே இறங்கிவிடும். மேலே உள்ள மணல் சீக்கிரம் காய்ந்து, கீழே இருக்கும் ஈரத்துக்கு மூடிபோல ஆகிவிடும். அந்த ஈரம் வெயிலுக்கு எட்டாத ஆழத்தில் பத்திரமாக இருக்கும்.

மேலோட்டமாக வேர்விடும் செடிக்கு மணல் வஞ்சகம் செய்யும். ஆழம் போகத் தெரிந்த மரத்துக்கு அது வங்கிக் கணக்கு. பாலைவன ஓக் பெரும்பாலும் மணல்மேட்டின் உச்சியில் நிற்காமல், இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வான பகுதிகளிலும் மணற்பரப்புகளிலும் தோப்பாக நிற்பதும் இந்தத் தண்ணீர்க் கணக்கால்தான்.

இன்னொரு பலமும் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. மணலில் சத்து குறைவு, அதிலும் தழைச்சத்து மிகக் குறைவு. சவுக்குக் குடும்பத்தின் வேர்களில் ‘ஃபிராங்கியா’ என்ற நுண்ணுயிர் குடியேறி முடிச்சுகளை உண்டாக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு மரத்திடம் இருந்து உணவு வாங்கிக்கொள்ளும். துவரை, உளுந்து வேர்களில் நடப்பதைப் போன்ற கொடுக்கல் வாங்கல்தான். ஆனால், நுண்ணுயிர் வேறு.

நம் ஊர்ப் புல், அந்த ஊர்த் தீ

இவ்வளவு கெட்டியான மரத்துக்கு இன்று ஆபத்து வந்திருப்பது வறட்சியால் அல்ல, ஒரு புல்லால்.

நமக்கு அந்தப் புல் வேண்டப்பட்டது. கொழுக்கட்டைப் புல் என்போம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் வெள்வேல மரங்களுக்குக் கீழே அது வளர, காங்கேயம் மாடுகள் மேய்ந்து திடமாக நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இது சொந்த மண்ணின் புல். ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் பஃபெல் புல்.

1870-களில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குச் சரக்கு சுமந்து போனவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்களைப் பொதுவாக ‘ஆப்கன்கள்’ என்றார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்தும் போனவர்கள் அவர்கள். அந்த ஒட்டகச் சேணங்களுக்குள் அடைத்திருந்த காய்ந்த புல்லோடு விதையும் போய்ச் சேர்ந்தது என்பார்கள். பிறகு மாட்டுத் தீவனத்துக்காக வேண்டுமென்றே விதைத்தார்கள். 1960-களின் கடும் வறட்சிக்குப் பிறகு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் பறந்த புழுதியை அடக்கவும் இதைப் பரப்பினார்கள். புழுதி அடங்கியது. புல் அடங்கவில்லை.

அந்த மண்ணின் சொந்தப் புல்லான ட்ரையோடியா, முள்ளம்பன்றிபோலக் குத்துக் குத்தாக வளரும். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே வெறும் மணல் இருக்கும். தீப்பிடித்தாலும் அந்த இடைவெளிகளில் தடுமாறி நிற்க வாய்ப்பு உண்டு. எரிந்த இடத்தில் மறுபடி புல் சேர்ந்து பெரிய தீ வரப் பல ஆண்டுகள் ஆகும். கொழுக்கட்டைப் புல்லோ இடைவெளியையே மூடிவிடுகிறது. எரிந்தால் சூடாக எரிகிறது. அடுத்த மழைக்கே துளிர்த்து, மறுபடி எரியத் தயாராகிவிடுகிறது.

முதிர்ந்த பாலைவன ஓக்குக்குத் தடித்த பட்டை என்ற கவசம் இருக்கிறது. மிதமான தீயை அது தாங்கும். இளம் மரத்துக்குக் கவசமும் இல்லை, தீ எட்டாத உயரமும் இல்லை. எரிந்த கன்று அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பது உண்டு. ஆனால், அது துளிர்த்துத் தலைதூக்குவதற்குள் அடுத்த தீ வந்துவிட்டால், எத்தனை முறைதான் எழ முடியும்? பல ஆண்டுகள் குச்சியாக நின்று வேர் இறக்க வேண்டிய மரத்துக்கு அந்த ஆண்டுகளே கிடைக்காமல் போகின்றன. தாய் மரங்கள் கம்பீரமாக நிற்கும். கீழே பிள்ளைகள் இருக்காது. பார்ப்பவர்களுக்கு அது தோப்பாகத்தான் தெரியும், வாரிசு இல்லை என்பது தெரியாது.

அனங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீயைத் தீயால் அடக்கியவர்கள். குளிர் மாதங்களில், காற்று தணிந்த நேரம் பார்த்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னத் தீ வைப்பார்கள். எரிந்த திட்டுகளும் எரியாத திட்டுகளுமாக நிலம் ஒட்டுப்போட்ட துணிபோல இருக்கும். கோடையில் பெருந்தீ வந்தால், எரிந்த திட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். மக்கள் நிலத்தைவிட்டு அகற்றப்பட்டபோது அந்தப் பழக்கமும் தடைபட்டது. 1970-களின் நடுவில் நல்ல மழை பெய்து புல் மண்டியது. 1976-ல் உலுருவைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பெரும்பகுதி தீயில் கருகியது. 1985-ம் ஆண்டு அக்டோபர் 26 அன்று அந்த நிலம் அனங்கு மக்களிடம் சட்டப்படி திரும்ப ஒப்படைக்கப்பட்டது. இன்று பூங்கா நிர்வாகமும் அவர்களும் சேர்ந்தே அதைப் பராமரிக்கிறார்கள். சின்னத் தீ வைக்கும் வழக்கமும் திரும்பியிருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2015-ல் கொழுக்கட்டைப் புல்லை அதிகாரபூர்வக் களையாக அறிவித்தது.

வளர்ப்பது எப்படி?

வறண்ட நிலத்துச் செடிகளை வறண்ட நிலத்திலேயே வளர்த்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் புதிதல்ல. ஆலிவ் பிங்க் என்ற மானுடவியல் ஆய்வாளர், எழுபது வயதைக் கடந்த பிறகு, 1956-ல் அரசிடம் கேட்டு அங்கே ஒரு நிலத்தை ஒதுக்க வைத்தார். முதலில் கூடாரத்திலும் பிறகு சின்னக் குடிசையிலும் அங்கேயே தங்கி, பூர்வகுடி உதவியாளர்களோடு சேர்ந்து வறட்சி தாங்கும் உள்ளூர்ச் செடிகளை வளர்த்தார். 1975-ல் மறையும்வரை அதுவே அவர் வீடு. இன்று அது அவர் பெயரிலேயே தாவரவியல் பூங்காவாக இருக்கிறது.

பாலைவன ஓக்கை வளர்ப்பதும் அப்படிப்பட்ட பொறுமைக்காரர்களின் வேலைதான். முறை சிக்கலானது அல்ல.

விதை: பழுப்பேறிய, முற்றிய காய்களைக் காகிதப் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், காய்ந்து வாய் திறந்து சிறகுள்ள விதைகளை உதிர்க்கும். தேசியப் பூங்காவுக்குள் காய் பறிக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

விதைப்பு: ஊறவைப்பது, கொதிநீரில் போடுவது போன்ற தனிப் பக்குவம் தேவையில்லை. மணல் கலந்த, நீர் தேங்காத கலவையில் மேலாக விதைத்து, லேசாக மூடினால் போதும். வெதுவெதுப்பான பருவம் நல்லது.

தொட்டி: எல்லாமே இதில்தான் இருக்கிறது. அகலத் தொட்டி வேண்டாம். ஆழமான குழாய் வடிவத் தொட்டிதான் வேண்டும். ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்கிவிட்டால், நட்ட பிறகும் அது சுருண்டபடியே இருக்கும்; ஆழம் போகாது. அதனால், கன்று சிறியதாக இருக்கும்போதே நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். ‘பெரிய கன்றாக வாங்கினால் சீக்கிரம் மரமாகும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

மண்: வளர்ந்த மரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணெடுத்துக் கலவையில் சேர்த்தால், வேர் முடிச்சுக்குத் தேவையான நுண்ணுயிரும் கூடவே வரும். நம் ஊர்ச் சவுக்கு நாற்றங்கால்களிலும் ஃபிராங்கியா சேர்ப்பது உண்டு.

தண்ணீர்: தினமும் கொஞ்சம் தெளிப்பது கெடுதல். மேல் மணல் மட்டும் ஈரமாக இருந்தால் வேரும் மேலேயே சுற்றும். முதல் ஒன்றிரண்டு கோடைகளில், நாள் இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் நிறுத்திவிட வேண்டும். ஈரம் கீழே விலகிப்போகப் போக, வேரும் அதைத் துரத்திக்கொண்டு போகும்.

காவல்: கன்றைச் சுற்றிப் புல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்காக மட்டுமல்ல, தீக்காகவும். கொழுக்கட்டைப் புல் உள்ள இடமாக இருந்தால், மரம் பட்டை கட்டும்வரை, ஆண்டுதோறும் மழைக்குப் பிறகு வந்து களையெடுக்க வேண்டும். நடுகிறவர்கள் அதிகம், இந்த வேலைக்குத் திரும்பி வருகிறவர்கள்தான் குறைவு.

கத்தரி: குச்சியாக நிற்கிறதே என்று நுனியைக் கிள்ளிவிடக் கூடாது. கிளை விடும் நேரம் அதற்குத் தெரியும்.

தேரிக்காட்டிலும் இதே பாடம்

இந்த மரத்தைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்து நட வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். வெளிநாட்டு விதைக்குத் தனிமைப்படுத்தல் விதிகள் இருக்கின்றன. ஒரு ஊரின் நல்ல புல் இன்னொரு ஊரின் தீயாக மாறிய கதையும் எச்சரிக்கையாக இருக்கிறது. அதைவிட முக்கியம், நம் செம்மணலுக்கு நம்மிடமே மரம் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு உலுருவின் செம்மணல் அந்நியமாகத் தெரியாது. அங்கே நிற்பது பனை. அதுவும் இதே பாடத்தைப் படித்த மரம்தான். பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் முதலில் வருவது மேலே அல்ல, கீழே. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, ஆழம் தேடி இறங்கிக்கொண்டிருந்த இளம் பனைதான். பறிக்காமல் விட்டால், வடலியாகி, பல ஆண்டுகள் அடிமரமே தெரியாமல் தரையோடு தரையாக ஓலை விட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகே உயரும்.

அதனால்தான் பனையை நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட, கொட்டையை நேராக நிலத்திலேயே ஊன்றுவது நல்லது என்கிறார்கள். இலுப்பை, வேம்பு, புங்கன் என்று எந்த மரக்கன்றைப் பாலிதீன் பையில் வாங்கினாலும், நடுவதற்கு முன்பு பையைக் கிழித்து அடிவேரைப் பார்ப்பது நல்ல பழக்கம். வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால், மேலே எத்தனை பசுமையாக இருந்தாலும் அந்தக் கன்றைத் தவிர்த்துவிட்டு, வேர் நேராக இருக்கும் சின்னக் கன்றை எடுக்கலாம்.

பள்ளி, கோயில், ஏரிக்கரை என்று மரம் நடும் இடங்களில், ஆறே மாதத்தில் ‘கன்று ஏன் வளரவில்லை?’ என்ற கேள்வி வந்துவிடும். நட்ட கன்று வாடாமல் நிற்கிறது, நுனி பச்சையாக இருக்கிறது, ஆனால் உயரவில்லை என்றால், அதைப் பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டிய அவசியம் இல்லை. சுற்றியுள்ள புல்லை அகற்றி, வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, இன்னொரு கோடை கொடுத்துப் பார்க்கலாம். வேலை கீழே நடந்துகொண்டிருக்கலாம்.